தென் அமெரிக்க லுஸுலாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெர்பேரியத் தாள்களின், அதாவது காய்ந்த செடியை ஒட்டிப் பாதுகாக்கும் தாள்களின், படங்கள் இணையத்தில் கிடைக்கத் தொடங்கிய பிறகு, ஆண்டீஸ் மலைச் செடிகளைப் பற்றி இங்கிருந்தே படிக்கிற தாவரவியல் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து எனக்கு வரும் சந்தேகங்களில் லுஸுலா பற்றியவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. பழுப்புப் பூ, புல் மாதிரி இலை, ஒரே செடிக்கு நாலைந்து பெயர் என்றால் குழம்பாமல் என்ன செய்வது? கேட்டவர்களின் வார்த்தைகளை முடிந்தவரை மாற்றாமல், எளிய கேள்விகளை முன்னாலும் சிக்கலானவற்றைப் பின்னாலும் வைத்திருக்கிறேன்.

லுஸுலா என்பது புல்லா, கோரையா?

இரண்டும் இல்லை. ஜங்கேசியே என்ற தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. புல், கோரை, ஜங்கேசியே மூன்றும் போயேல்ஸ் என்ற ஒரே துறைக்குள் வருகின்றன. இவற்றில் கோரைக் குடும்பம்தான் ஜங்கேசியேவுக்கு மிக நெருங்கிய சொந்தம். லுஸுலா பேரினத்தில் உலகம் முழுக்க ஏறத்தாழ 115 முதல் 120 சிற்றினங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை குளிர்ந்த நாடுகளிலும் உயர்ந்த மலைகளிலும் வளரும் பல்லாண்டுச் செடிகள்.

பூவைப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும். புல்லிலும் கோரையிலும் பூவிதழ்கள் தேய்ந்து மறைந்துவிட்டன. அல்லது முள்ளாகவோ செதிலாகவோ சுருங்கிவிட்டன. லுஸுலாவில் ஆறு பூவிதழ்கள் இரண்டு வட்டங்களில், வட்டத்துக்கு மூன்றாக, ஒழுங்காக இருக்கும். நடுவில் ஒரு சூற்பை, அதன் மேல் மூன்று சூலகமுடிகள். அல்லிப் பூவை நாலு மில்லிமீட்டருக்குச் சுருக்கிப் பழுப்பு நிறம் கொடுத்தால் எப்படியோ, அந்த அமைப்பு. லென்ஸ் இல்லாதவர்களுக்குத்தான் அது வெறும் உமியாகத் தெரிகிறது.

சரி, இதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான ஜங்கஸிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? பார்த்தவுடன் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் இலை விளிம்பைப் பாருங்கள். லுஸுலாவில் தட்டையான இலை. அதன் ஓரத்தில், முக்கியமாக இலையுறையின் (தண்டைச் சுற்றியிருக்கும் இலையடிப் பகுதியின்) வாய்ப்பக்கம், நீண்ட வெண்மயிர்கள் இருக்கும். ஜங்கஸில் மயிரே கிடையாது. முதிர்ந்த லுஸுலா இலைகளில் மயிர் உதிர்ந்து போயிருக்கலாம். அப்படி இருந்தால் இலையுறையைப் பாருங்கள்: லுஸுலாவில் அது மூடிய குழாய், ஜங்கஸில் ஒரு பக்கம் திறந்திருக்கும்.

அதிலும் சந்தேகம் தீராவிட்டால் காயைப் பிளந்து பாருங்கள். லுஸுலாவின் காயில் ஒரே அறை, அடியில் மூன்றே மூன்று விதைகள். ஜங்கஸ் காயில் பொடி விதைகள் ஏராளம். பேரினத்தைத் தீர்மானிக்க இதைவிட உறுதியான அடையாளம் இல்லை. இனி வரும் பல பதில்களில் காயை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை ஜங்கஸிலிருந்து பிரித்தது யார்?

1753-இல் லின்னேயஸ் இவற்றை ஜங்கஸுக்குள்ளேயே வைத்திருந்தார். அடுத்த ஆண்டே, 1754-இல், செகியே ஜங்காய்டெஸ் என்ற பெயரில் தனிப் பேரினம் அமைத்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1805-இல், டி காண்டோல் லுஸுலா என்ற பெயரைக் கொடுத்தார். எல்லோரும் புழங்கியது டி காண்டோலின் பெயரைத்தான்.

முதலில் வைத்த பெயரே நிற்க வேண்டும் என்ற முன்னுரிமை விதியைக் கறாராகப் பிடித்தால் செகியேயின் பெயர்தான் நிற்க வேண்டும். 1891-இல் ஓட்டோ குன்ட்சே அதைத்தான் செய்தார். லுஸுலாச் சிற்றினங்களை வரிசையாக ஜங்காய்டெஸுக்கு மாற்றி எழுதினார். பிறகு தாவரப் பெயரிடல் விதிகளில் லுஸுலா பாதுகாக்கப்பட்ட பெயராக ஏற்கப்பட்டது. பழைய தாள்களில், அதிலும் அமெரிக்கர்கள் எழுதியவற்றில், ஜங்காய்டெஸ் என்று பார்த்தால் வேறு செடி என்று எண்ணிவிடாதீர்கள்.

பெயருக்குப் பின்னால் சில சமயம் அடைப்புக்குறிக்குள் ஒருவர், வெளியே ஒருவர் இருக்கிறார்களே, அது ஏன்?

முந்தைய பதிலின் தொடர்ச்சிதான் இது. லுஸுலா கம்பெஸ்ட்ரிஸ் என்ற ஐரோப்பியச் சிற்றினத்துக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் லின்னேயஸ், வெளியே டி காண்டோல் என்று இருக்கும். முதலில் ஜங்கஸ் கம்பெஸ்ட்ரிஸ் என்று பெயர் வைத்தவர் லின்னேயஸ், லுஸுலாவுக்கு மாற்றியவர் டி காண்டோல் என்பது பொருள்.

தென் அமெரிக்கச் சிற்றினங்களில் பலவற்றுக்கு அடைப்புக்குறியே இருக்காது. அவை முதலிலிருந்தே லுஸுலா என்ற பெயரில் விவரிக்கப்பட்டவை. லுஸுலா ராசிமோசா, லுஸுலா ஜைகேண்டியா, லுஸுலா அலோபெக்யூரஸ் மூன்றுக்கும் பின்னால் தெவோ என்ற ஒரே பெயர்தான் வரும். பிரெஞ்சுத் தாவரவியலாளரான அவர் 1808-இல் இவற்றை வெளியிட்டார். பேரினம் உருவாகி அப்போது மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

தென் அமெரிக்காவில் எங்கெல்லாம் வளர்கிறது? அமேசான் காட்டில் உண்டா?

அமேசான் தாழ்நிலத்தில் இல்லை. வெப்பமண்டலத்துக்குள் இது மலைச்செடி. வெனிசுவேலாவிலிருந்து கொலம்பியா, எக்குவடோர், பெரு, பொலிவியா வழியாக ஆண்டீஸ் நெடுகக் கிடைக்கும். வடக்கே பாராமோ எனப்படும் ஈரமான உயர்புல்வெளி, தெற்கே வறண்ட பூனா மேட்டுநிலம் இரண்டிலும் லுஸுலா உண்டு. 4,000 மீட்டருக்கு மேலேயும் பாறையிடுக்குகளில் பார்க்கலாம்.

தெற்கே போகப் போக உயரம் இறங்கிக்கொண்டே வரும். படகோனியா, தியெரா தெல் ஃபுவேகோ, ஃபாக்லாந்துத் தீவுகளில் கடல்மட்டத்துக்குப் பக்கத்திலேயே வளர்கிறது. ஆண்டீஸை விட்டு விலகி, தெற்கு பிரேசிலின் மேட்டுநிலப் புல்வெளியிலும் ஒன்று இருக்கிறது. சிலிக்கு மேற்கே பசிபிக் தீவொன்றில் இன்னொன்று. இந்த இரண்டைப் பற்றியும் கீழே வருகிறது.

அப்படியானால் அண்டார்டிகாவிலும் இருக்குமா?

இல்லை. அந்தக் கண்டத்தின் சொந்தப் பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு: டெஷாம்ப்சியா அண்டார்டிகா என்ற புல், கொலொபாந்தஸ் கிட்டென்சிஸ் என்ற மெத்தைச்செடி.

முக்கியமான சிற்றினங்கள் எவை? ஒவ்வொன்றையும் எதை வைத்து அடையாளம் காண்பது?

முழுப் பட்டியல் தரப்போவதில்லை. பழக்கத்துக்கு உதவும் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் மஞ்சரியை, அதாவது பூக்கள் அமைந்திருக்கும் தொகுதியை, பாருங்கள். பூக்கள் தனித்தனியாக நிற்கின்றனவா, கொத்தாகச் சேர்ந்திருக்கின்றனவா என்பதுதான் முதல் கிளைப்பாதை. ஜைகேண்டியாவில் பூக்கள் மிகச் சிறியவை, நீண்டு தொங்கும் கிளைகளின் நுனியில் தனித்தனியாக இருக்கும். மஞ்சரி அகலமாக விரிந்திருக்கும், இலையும் அகலம். ஆளின் இடுப்புயரத்துக்கு வளரக்கூடிய செடி. மெக்சிகோவிலிருந்து தெற்கே ஆண்டீஸ் வரை மேகக்காடுகளிலும் அவற்றின் ஓரங்களிலும் ஈரம் பார்த்து நிற்கும். பூனாவில் இதைத் தேடாதீர்கள்.

ராசிமோசா இதற்கு நேரெதிர். இலை குறுகலானது. சிறு கொத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கதிர் போல நீண்டு, நுனி வளைந்து தொங்கும். பூக்கள் கரும்பழுப்பு. இதுவும் மெக்சிகோவில் தொடங்கி ஆண்டீஸ் நெடுகத் தெற்கே சிலி, அர்ஜென்டினா வரை போகிறது. பரப்பு இவ்வளவு பெரிதாக இருப்பதால் தோற்றமும் ரொம்பவே மாறும். வடக்கிலிருந்து ஒரு தாளையும் தெற்கிலிருந்து ஒரு தாளையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே பெயரில் ஏன் இருக்கின்றன என்ற கேள்வி எழும். அது நியாயமான கேள்விதான்.

அலோபெக்யூரஸ் தென்கோடியின் செடி. படகோனியாவிலும் ஃபாக்லாந்திலும் பார்க்கலாம். பூக்கள் தண்டின் உச்சியில் நெருக்கமாகத் திரண்டிருக்கும், செதில்களின் ஓரத்து வெண்மயிர்களால் அந்தத் திரளே கம்பளி சுற்றியது போலத் தோன்றும். 1839 முதல் 1843 வரை எரபஸ், டெரர் கப்பல்களோடு தென்கடல்களைச் சுற்றிய ஜோசப் டால்டன் ஹூக்கர் ஃபாக்லாந்திலும் கேப் ஹார்ன் பக்கத்திலும் செடிகள் சேகரித்தார். அந்தத் தென்கோடிச் செடிகளைப் பற்றி நம்மிடம் இருக்கும் பழைய விவரங்களில் பெரும்பங்கு அந்தப் பயணத்திலிருந்து வந்தது.

சிலென்சிஸ் சிலியிலும் ஒட்டிய அர்ஜென்டினாவிலும் வளர்வது. அதன் பெயருக்குப் பின்னால் வரும் மேயன், பிரஷ்யக் கப்பலொன்றில் 1830-களின் தொடக்கத்தில் உலகைச் சுற்றிய மருத்துவர். பிரேசில்காரச் செடி உலேயி. சாண்டா கத்தரீனா, ரியோ கிராண்டி டோ சுல் மாநிலங்களின் குளிர்ந்த மேட்டுநிலத்தில் இருக்கிறது. எர்ன்ஸ்ட் உலே என்ற ஜெர்மன் சேகரிப்பாளரின் பெயரை அதற்குச் சூட்டியவர் பூகெனாவ்.

ஆண்டீஸில் பச்சை மெத்தை மாதிரி, கல்போலக் கெட்டியாக ஒரு செடி பார்த்தேன். அதையும் ஜங்கேசியே என்கிறார்கள். லுஸுலாவா?

லுஸுலா இல்லை; ஆனால் குடும்பம் சரிதான். அது அநேகமாக டிஸ்டிக்கியா அல்லது அதன் உறவினர்களான ஆக்ஸிக்ளோ, பட்டோசியா இவற்றில் ஒன்றாக இருக்கும். உயர் ஆண்டீஸில் பொஃபெடால் எனப்படும் ஈரச் சதுப்புகளை உருவாக்குவதே இந்த மெத்தைகள்தான். செடியின் அடிப்பகுதி மக்கிக் கரிமண்ணாகிக்கொண்டே போக, மேற்பகுதி வளர்ந்துகொண்டே இருக்கும். லாமா, அல்பாகா மேய்ப்பவர்களுக்கு வறண்ட மாதங்களில் பச்சையும் தண்ணீரும் அங்கேதான்.

தெற்கே போனால் ரோஸ்ட்கோவியா, மார்சிப்போஸ்பெர்மம் என்று இன்னும் இரண்டு பேரினங்கள் சேர்ந்துகொள்ளும். இரண்டிலும் தண்டின் உச்சியில் பெரிய ஒற்றைப் பூ. ஜங்கேசியே குடும்பத்தின் பேரினங்கள் இப்படித் தென் அமெரிக்காவில் குவிந்திருப்பதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். ஐரோப்பாவில் இருந்துகொண்டு பார்த்தால் இந்தக் குடும்பம் ஜங்கஸும் லுஸுலாவும் மட்டும்தான். ஆண்டீஸுக்குப் போனால்தான் அதன் முழு வீச்சு தெரியும்.

நிறமும் இல்லை, மணமும் இல்லை. மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது?

காற்றால். சூலகமுடிகள் முதலில் வெளியே நீண்டு, மகரந்தத்தைப் பிடிக்கத் தயாராக நிற்கும். மகரந்தப்பைகள் அதற்குப் பிறகுதான் திறக்கும். தன் பூவின் மகரந்தம் தன் மேலேயே விழுவது இதனால் குறைகிறது. ஒரே பூவை இரண்டு கட்டங்களில் படம் எடுத்து இரண்டு சிற்றினம் என்று அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மகரந்தத்தில் இன்னொரு விசேஷம்: நான்கு மகரந்தத் துகள்கள் பிரியாமல் ஒன்றாக ஒட்டியே உதிரும். கோரைக் குடும்பத்தில் அந்த நான்கில் மூன்று அழிந்து ஒன்றுதான் மிஞ்சும். இரண்டு குடும்பமும் நெருங்கியவை என்று முதல் பதிலில் சொன்னதற்கு இதுவும் ஒரு சான்று.

விதையில் வெள்ளையாக ஒரு கட்டி ஒட்டியிருக்கிறது. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை. கொழுப்புச் சத்துள்ள விதை ஒட்டுறுப்பு. ஐரோப்பாவின் கம்பெஸ்ட்ரிஸ், பைலோசா போன்றவற்றில் எறும்புகள் இதற்காகவே விதையை இழுத்துச் செல்கின்றன. எல்லாச் சிற்றினங்களிலும் இது ஒரே அளவில் இருக்காது. சிலவற்றில் விதையின் அடியில், சிலவற்றில் நுனியில், சிலவற்றில் இருப்பதே தெரியாத அளவுக்குச் சிறிதாக. அதனால்தான் வகைப்பாட்டில் இதற்கு மதிப்பு. விதையின் நீளத்தை எழுதும்போது ஒட்டுறுப்பைச் சேர்த்து அளந்தீர்களா, சேர்க்காமலா என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். இதைக் குறிப்பிடாத அளவை வேறொருவர் ஒப்பிட முடியாது.

ஒரு லுஸுலாவை விவரித்து எழுதச் சொன்னால் எதையெல்லாம் எழுத வேண்டும்?

அடியிலிருந்து மேலே போங்கள். செடி அடர்ந்த தூராக இருக்கிறதா, நிலத்தடித் தண்டு ஓடிப் பரவுகிறதா? அடி இலையின் நீளம், நடுவில் அகலம், மயிர் எங்கே எவ்வளவு, நுனி கூர்மையா, தடித்து மழுங்கியதா? இலை நுனியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இது நல்ல அடையாளம், காய்ந்த மாதிரியிலும் மாறாது. பிறகு தண்டின் உயரம், மஞ்சரிக்கு அடியிலுள்ள செதில் இலை மஞ்சரியைவிட நீண்டதா குறுகியதா, மஞ்சரி எப்படிக் கிளைக்கிறது.

அடுத்ததுதான் உயிர்நிலை. ஒவ்வொரு பூவையும் ஒட்டிச் சின்னஞ்சிறு ஜவ்வுச் செதில்கள் இருக்கும். அவற்றின் ஓரம் மழமழவென்று இருக்கிறதா, பல் பல்லாக இருக்கிறதா, கிழிந்து மயிர்த்தொங்கலாக நிற்கிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வெளிவட்டப் பூவிதழும் உள்வட்டப் பூவிதழும் சம நீளமா? காய் பூவிதழைவிட நீண்டதா, குட்டையா? மகரந்தப்பை அதன் கம்பியைவிட எத்தனை மடங்கு? கடைசியாக விதையின் நீளம், நிறம், ஒட்டுறுப்பு.

காய்ந்த மாதிரியில் பூ நொறுங்கிவிடுகிறது என்று புகார் வருகிறது. ஒரே ஒரு பூவை எடுத்துச் சுடுதண்ணீரில் ஒரு துளி சோப்புத் திரவம் விட்டு ஊறவைத்தால் மெத்தென்று விரிந்துகொடுக்கும். அளந்து முடித்ததும் அதைச் சின்னக் காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டிவிடுங்கள். தூக்கி எறிய வேண்டாம், அடுத்து வருபவர் சரிபார்க்க அது வேண்டும்.

பழைய விவரணைகள் எல்லாம் ஏன் நாலு வரியில் முடிந்துவிடுகின்றன? லத்தீனிலும் இருக்கின்றன.

1808-இல் தெரிந்த லுஸுலாக்கள் சில மட்டுமே. ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்க நாலு வரி போதும் என்று அப்போது தோன்றியதில் தப்பில்லை. பின்னால் ஒவ்வொரு மலையிலிருந்தும் மாதிரிகள் வந்து குவிந்தபோதுதான் அந்த நாலு வரிக்குள் மூன்று செடிகள் அடங்கும் நிலைமை ஆனது. 1823-இல் எர்ன்ஸ்ட் மேயர் பேரினம் முழுவதையும் தொகுத்தார், 1841-இல் குந்த், 1890-இல் பிரெமன் நகரத்து ஆசிரியர் ஃபிரான்ஸ் பூகெனாவ், அவரே மறுபடி 1906-இல். வெப்பமண்டல அமெரிக்காவின் ஜங்கேசியே முழுவதையும் 1996-இல் டென்மார்க்கின் ஹென்றிக் பால்ஸ்லெவ் புதிதாக ஆராய்ந்து எழுதினார். 2002-இல் யான் கிர்ஷ்னரின் தலைமையில் உலக அளவிலான தொகுப்பு வந்தது. இன்று ஒரு ஆண்டீஸ் லுஸுலாவுக்குப் பெயர் தேடினால் பால்ஸ்லெவிலும் கிர்ஷ்னரிலும் தொடங்கி, தேவைப்பட்டால் பூகெனாவுக்குப் பின்னோக்கிப் போவதே நல்லது.

லத்தீன் விஷயம்: 2011 முடியும் வரை புதிய தாவரச் சிற்றினத்துக்கு லத்தீன் விவரணை கட்டாயம். 2012 தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்திலும் எழுதலாம். ஆனாலும் லத்தீன் கலைச்சொல் ஒரு ஐம்பது அறுபது தெரிந்தால் பூகெனாவைப் படித்துவிடலாம். பயப்பட வேண்டாம்.

ஒரே செடிக்கு ஏன் இத்தனை பெயர்? யாருக்கும் ஒழுங்காகத் தெரியாதா?

காரணங்கள் மூன்று. ஒன்று, குன்ட்சே செய்தது போலப் பேரினம் மாறியதால் வந்த பெயர்கள். இவை ஆபத்தில்லாதவை, செடி அதேதான். இரண்டு, ஒருவர் பெருவில் பார்த்ததையும் இன்னொருவர் சிலியில் பார்த்ததையும் தனித்தனியாகப் பெயரிட்டு, பின்னால் ஒன்று என்று தெரியவந்தவை. மூன்று, உயரத்தால் மாறும் தோற்றம். கடும் குளிரிலும் காற்றிலும் செடி குட்டையாகும், மஞ்சரி இறுகிக் கட்டிக்கொள்ளும். கீழே இறங்கினால் அதே செடி நீண்டு கிளைவிரிக்கும். இரண்டு முனைகளை மட்டும் பார்த்தவருக்கு இரண்டு சிற்றினமாகத் தெரிவது இயல்பு.

மூன்றாவது வகைதான் எனக்குக் கவலை தருவது. சில தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு, உயரத்தால் வந்த வேறுபாட்டையும் பிறவியிலேயே உள்ள வேறுபாட்டையும் பிரிக்க முடியாது. இரண்டு உயரங்களுக்கு நடுவில் உள்ள செடிகளையும் சேகரித்திருக்க வேண்டும். ஆண்டீஸில் பல சரிவுகளில் அது இன்னும் நடக்கவில்லை.

வகைமாதிரி (ஒரு பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்பதற்கு ஆதாரமான மாதிரி) எரிந்துபோய்விட்டது என்கிறார்களே, பெயரும் போய்விடுமா?

பெயர் போகாது. 1943 மார்ச் தொடக்கத்தில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்தது. தென் அமெரிக்காவில் ஜெர்மானியர்கள் சேகரித்த ஏராளமான வகைமாதிரிகள் அதோடு போயின. அதற்கு முன்பே, 1929-இலிருந்து பத்தாண்டு காலம், சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்துக்காக மெக்பிரைடு ஐரோப்பிய ஹெர்பேரியங்களில் வகைமாதிரிகளைப் படமெடுத்து வைத்திருந்தார். எரிந்த பல தாள்களுக்கு இன்று அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான் மிச்சம்.

அதே சேகரிப்பின் இரட்டை மாதிரி வேறு ஹெர்பேரியத்தில் கிடைத்தால் அதை லெக்டோடைப், அதாவது பின்னால் தேர்ந்தெடுத்த வகைமாதிரி, என்று அறிவிக்கலாம். அசல் மாதிரி எதுவுமே மிஞ்சவில்லை என்றால் புதிதாக ஒன்றை நியமிக்க விதி இடம் தருகிறது. லுஸுலாவில் இதில் ஒரு சங்கடம்: படத்தில் மஞ்சரி தெரியும், ஜவ்வுச் செதிலின் ஓரம் தெரியாது. அதனால் இரட்டை மாதிரியைத் தேடாமல் படத்தை மட்டும் நம்பிப் பெயர் முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை.

குரோமோசோமை எண்ணிவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமே?

மற்ற செடிகளில் பெரும்பாலும் உதவும். லுஸுலாவில் அந்த எண் ஏமாற்றும். செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம் சென்ட்ரோமியர்; சாதாரணமாக ஒரு குரோமோசோமில் அது ஒரே இடத்தில் இருக்கும். உடைந்தால் சென்ட்ரோமியர் இல்லாத துண்டு அடுத்த பிரிவில் தொலைந்துவிடும். லுஸுலாவில் சென்ட்ரோமியரின் வேலை குரோமோசோமின் நீளம் முழுக்கப் பரவியிருக்கிறது. எனவே உடைந்த இரண்டு துண்டும் பிழைத்து, தனித்தனிக் குரோமோசோமாகத் தொடரும். எண் கூடும், மரபுப்பொருளின் மொத்த அளவு கூடாது.

கம்பெஸ்ட்ரிஸில் 12 குரோமோசோம்கள், சுடெட்டிகாவில் 48. வேறு பேரினமாக இருந்தால் நான்கு மடங்கு பெருக்கம் என்று சொல்லிவிடுவோம். ஆனால் சுடெட்டிகாவின் குரோமோசோம்கள் மிகச் சிறியவை, உடைந்து பெருகியவை. ஐபீரியப் பகுதியின் எலெகன்ஸில் வெறும் ஆறுதான், பெரிய பெரியதாக. ஒடுக்கற்பிரிவில் அதன் குரோமோசோம்கள் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கிப் பிரிகின்றன என்று 2014-இல் காட்டினார்கள். ஆகவே எண்ணை மட்டும் எழுதினால் போதாது. அளவையும் எழுத வேண்டும்.

சரி, டிஎன்ஏ பார்த்தால்?

லுஸுலா என்ற பேரினம் ஒரே மூதாதையிலிருந்து வந்த இயல்பான குழு என்பதை டிஎன்ஏ நன்றாகவே உறுதிப்படுத்துகிறது. ஜங்கஸ் அப்படித் தேறவில்லை. அதைச் சமீபத்தில் பல பேரினங்களாக உடைத்துவிட்டார்கள். லுஸுலாவுக்கு உள்ளே போனால்தான் தகராறு. 2010-இல் வந்த ஒரு விரிவான ஆய்வில், பசுங்கணிக டிஎன்ஏ சொன்ன உறவுமுறையும் உட்கரு டிஎன்ஏ சொன்ன உறவுமுறையும் ஒத்துப்போகவில்லை. கலப்பினமாதலும், மூதாதையின் மரபணு வேறுபாடுகள் முழுதாகப் பிரியாமல் தங்கிவிட்டதும் காரணம் என்றார்கள். ஒரே ஒரு டிஎன்ஏ துண்டை வைத்து இது இந்தச் சிற்றினம் என்று அடித்துச் சொல்கிற அறிக்கைகளை இந்தப் பேரினத்தில் ஜாக்கிரதையாகப் படியுங்கள்.

வட துருவப் பக்கத்து ஸ்பிகேட்டாவும் ராசிமோசாவும் ஒரே மாதிரி இருக்கின்றனவே, ஒன்றுதானா?

முதற்பார்வையில் அப்படித்தான் இருக்கும். இரண்டிலும் கதிர் வளைந்து தொங்கும், இரண்டும் குளிர்ந்த பாறைச் சரிவில் வளரும். ஸ்பிகேட்டா வடகோளத்தின் ஆர்க்டிக் பகுதியிலும் உயர்மலைகளிலும் இருப்பது; ராசிமோசா மெக்சிகோவிலிருந்து தெற்கே. இரண்டையும் தனிச் சிற்றினங்களாகவே கொள்கிறார்கள். சேகரித்த இடம் எழுதாத தாள் கையில் வந்தால், மேலே விவரணைக் கேள்வியில் சொன்ன வரிசையில் முழுதாக அளந்த பிறகு பேசலாம். கதிர் தொங்குவதை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

ஒரே தீவில் மட்டும் இருக்கும் லுஸுலா ஒன்று உண்டாமே?

உண்டு. லுஸுலா மஸாஃபுவேரானா. சிலிக் கடற்கரையிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அப்பால், ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுக்கூட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ள மாஸ் அஃபுவேரா தீவின் செடி. அந்தத் தீவின் இன்றைய பெயர் அலெஹாண்ட்ரோ செல்கிர்க். சுவீடனின் கார்ல் ஸ்கோட்ஸ்பெர்க் இந்தத் தீவுகளுக்கு 1908-இலும் மறுபடி 1916, 1917 வாக்கிலும் போய் ஆராய்ந்து, இதைத் தனிச் சிற்றினமாக விவரித்தார்.

எரிமலையால் கடலிலிருந்து எழுந்த தீவு அது, எந்தக் காலத்திலும் கண்டத்தோடு ஒட்டியிருந்ததில்லை. ஆக, விதை எப்படியோ கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். தீவின் மேட்டுப்பகுதியில் மட்டும் இருக்கிற செடிக்குப் பின்வாங்க வேறு இடம் இல்லை. மனிதர்கள் கொண்டுவந்து விட்ட ஆடுகள் அந்தத் தீவுகளின் தாவரங்களை நெடுங்காலமாக மேய்ந்து வருகின்றன. பழுப்பாக இருப்பதால் இந்த லுஸுலாவைக் காக்கச் சொல்லி யாரும் சுவரொட்டி அடிக்கப் போவதில்லை. அதனாலேயே அதன் ஒவ்வொரு நல்ல மாதிரிக்கும், ஒவ்வொரு கவனமான விவரணைக்கும் மதிப்பு அதிகம் என்பேன்.

புகைப்படம் அனுப்பினால் பெயர் சொல்வீர்களா?

ஜைகேண்டியாவாக இருந்தால் ஒருவேளை சொல்லலாம். மற்றவற்றுக்குப் படத்தோடு இவையும் வேண்டும்: இலையுறை வாயின் அருகுப்படம், பூங்கொத்தின் அருகுப்படம், முதிர்ந்த காய் பூவிதழோடு சேர்ந்து தெரியும் படம், இடம், உயரம், மாதம். தென்கோளத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. காய் முதிர்ந்த செடி தெற்கே அந்தக் கோடையின் பின்பகுதியில்தான் கிடைக்கும். படத்தை மட்டும் பார்த்து ஒரு செயலி சொல்லும் பெயரை இந்தப் பேரினத்தில் நான் நம்புவதில்லை. செயலி மஞ்சரியைப் பார்க்கிறது. முடிவு செய்ய வேண்டியதோ செதில் ஓரத்தையும் விதையையும்.

காய் இல்லை, பூவும் பாதி உதிர்ந்திருக்கிறது. தாளில் வெறும் லுஸுலா என்று எழுதினால் கேவலமாக இருக்காதா?

இருக்காது. மாதிரி காட்டுவது எவ்வளவோ அவ்வளவே எழுதுவதுதான் நேர்மை. இலையுறை மூடியிருக்கிறது, ஓரத்தில் மயிர் இருக்கிறது என்றால் லுஸுலா என்பது உறுதி, அதை எழுதுங்கள். ராசிமோசாவாக இருக்கலாம் என்று தோன்றினால், பேரினப் பெயருக்கும் சிற்றினப் பெயருக்கும் நடுவில் ஒப்பிடுக என்று பொருள்படும் சுருக்கக் குறி போடும் வழக்கம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். உறவு மட்டும் தெரிகிறது, சிற்றினம் அதுவல்ல என்று பட்டால் அதற்கும் தனிக் குறி உண்டு.

தப்பான சிற்றினப் பெயரோடு ஒரு தாள் தரவுத்தளத்துக்குள் போய்விட்டால், அந்தச் செடி வளராத மலையில் வரைபடப் புள்ளி விழும். அந்தப் புள்ளியை வைத்து யாரோ பரவல் கணிப்பார்கள், இன்னொருவர் அழிவு அபாயம் கணிப்பார். வெறும் லுஸுலா என்ற தாள் அப்படி எந்தக் கெடுதலும் செய்யாது, தெரிந்தவர் ஒருவர் எடுத்துப் பார்க்கும் வரை காத்திருக்கும். பெயருக்குக் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்து எழுதுங்கள்: காய் முதிரவில்லை, இலை நுனி மழுங்கியது, செதில் ஓரம் பார்க்க முடியவில்லை என்று. அடுத்த சேகரிப்பாளர் அதே சரிவுக்கு எந்த மாதத்தில் போக வேண்டும் என்பதை அந்த வரியிலிருந்து தெரிந்துகொள்வார்.